முதல் முப்பது அடி

காரை எடுத்து முப்பது அடி போனதும் துளசிமணி பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பின் இருக்கையில் இருந்த பெண்ணின் கையிலிருந்து காப்பி எழும்பி, அவள் துப்பட்டாவில் விழுந்தது.

“திடீர் நிறுத்தம்,” என்றது ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருந்த கருவி. அதன் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. “காரணம் இல்லை. உங்கள் எண் எண்பத்தெட்டு.”

“ஐயோ அக்கா! போன வாரமும் இதே மாதிரி தானே பண்ணீங்க? சொல்லிட்டாவது மிதிக்கக் கூடாதா?”

“சொல்லிட்டு மிதிச்சா நீங்க புடிச்சுக்குவீங்க கண்ணு. வண்டி புடிக்குதான்னு நான் பாக்கோணுமில்ல?”

அந்தப் பெண்ணின் பெயர் மிருதுளா. பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். மகள் சீட்டு வாங்கிய சந்தோஷத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த கார், திங்கள் முதல் வெள்ளி வரை விடுதியின் வேப்பமரத்தடியில் இலை விழுந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் துளசிமணியை அழைத்து, தன் காரின் பின் இருக்கையில் தானே உட்கார்ந்து, ஈரோட்டு ரயில் நிலையத்துக்குப் போவாள்.

நெய்க்காரன்மேட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஊரில் பதினோரு கல்லூரிகள். ஆளுக்கு ஒரு ஆபத்து எண் வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. காப்பீடு இப்போது வண்டிக்கு இல்லை, ஓட்டுகிற ஆளுக்கு. யார் இருக்கையில் உட்கார்கிறார்களோ அவர்களுடைய எண்ணைப் பார்த்து, அந்தப் பயணத்துக்கான காப்பீட்டுத் தொகையைக் கருவி அப்போதே எடுத்துக்கொள்ளும். ஊர்க்காரர்கள் அதற்கு வாத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்நேரமும் மதிப்பெண் போடுகிறது அல்லவா. இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தால் வாத்திக்கு ஆளைக் கண்டாலே ஆகாது.

“நான் ஓட்டினா தொண்ணூத்தாறு,” என்றாள் மிருதுளா, துப்பட்டாவைத் துடைத்துக்கொண்டே. “ஒரு தடவை கூட ஓட்டாமயே தொண்ணூத்தாறு. நீங்க இருபது வருஷமா ஓட்டுறீங்க, உங்களுக்கு எண்பத்தெட்டு. எட்டுதான்க்கா வித்தியாசம். பேசாம நானே ஓட்டிடலாம் போல இருக்கு.”

“ஓட்டுங்களேன். நான் பின்னால குந்திக்கிட்டு காப்பி குடிக்கறேன்.”

மிருதுளா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “தொண்ணூறு ஆனா உங்களுக்கு சீட் பூட்டிடுமாமே?”

“ஆமாங் கண்ணு.”

“எனக்கு மட்டும் தொண்ணூத்தாறுலயும் ஓட்டலாம்னு விட்டிருக்காங்க?”

“நீங்க சொந்தக்காரங்க. கட்டறதுக்கு இருந்தா நூறு வரைக்கும் ஓட்டலாம். கூலிக்கு ஓட்டறவங்களுக்குத்தான் தொண்ணூறுல பூட்டு. கீழ இறங்கினாத்தான் திறக்கும்.”

துளசிமணி முதல் கியரைப் போட்டு மேட்டில் இறங்கினாள்.

விடுதிக் கதவிலிருந்து நாற்பது அடிக்குச் சாலை சமதளம். அதன் பிறகு ஒரே இறக்கம், கடைத்தெரு வரைக்கும். இறக்கத்தின் அடியில் ஒரு அம்மாள் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருப்பாள். அவளுக்கு வலது கால் முழங்காலோடு சரி. அந்த இடத்தைக் கடக்கும்போது துளசிமணி எப்போதும் பேச மாட்டாள்.

*

ஆக்டிங் டிரைவர்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடுவார்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள். அடுத்தவர் வண்டியை ஒரு நாளைக்கு, அரை நாளைக்கு ஓட்டிக் கொடுப்பவர்கள். நெய்க்காரன்மேட்டில் அப்படி நூற்று எழுபது பேர் இருந்தார்கள். அதில் துளசிமணியும் சேர்ந்து நான்கு பெண்கள்.

அடுத்தவர் வண்டியில் ஏறினால் முதல் முப்பது அடிக்குள் ஒரு முறை பிரேக்கை மிதித்துப் பார்ப்பது அவர்களுடைய பழைய பழக்கம். நேற்று யார் ஓட்டினார்கள், எத்தனை நாள் சும்மா கிடந்தது, எதுவும் தெரியாது. காலுக்கு மட்டும்தான் தெரியும். வாத்தி வந்த பிறகு ஒவ்வொருவராக அதை விட்டுவிட்டார்கள். விட்டவர்களின் எண் முப்பது, நாற்பது என்று இறங்கியது. எண் இறங்கியவர்களைத்தான் வண்டிக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

“படிப்புல நூறு வாங்கினா மாலை போடுவாங்க,” என்றார் சென்னியப்பன். “நம்ம வாத்திகிட்ட தொண்ணூறு வாங்கினாலே சங்குதான் ஊதுவாங்க. உனக்கு இன்னும் ரெண்டே ரெண்டு அம்மிணி. வாங்கிட்டு வந்துரு.”

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் அந்த நிறுத்தத்தின் தலைவர். எண் முப்பத்தொன்று. ஊரிலேயே குறைவு. அதைச் சட்டைப் பையில் குத்திக்கொள்ளலாம் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

“மிதிக்காம ஒரு மாசம் இருந்தா அறுபதுக்கு வந்துரும் துளசி. அப்பறம் உன்ற இஷ்டம்.”

“அப்பறம் மிதிச்சா மறுக்கா ஏறும்.”

“அப்பறமும் மிதிக்காத.”

“பிரேக் புடிக்கலைன்னா எப்பத் தெரியுமுங்ணா?”

“முத வளைவுல தெரிஞ்சுட்டுப் போகுது.”

துளசிமணி அவரையே பார்த்தாள். அவர் டீ டம்ளருக்குள் பார்த்தார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் ஒரே ஒரு நாள் பார்க்காமல் வண்டி எடுத்தது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்தில் பத்து நாள் நின்ற வண்டி. அழைத்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். முதல் வளைவில் பிரேக் இல்லை என்று தெரிந்தது. கொய்யா வண்டியும் அந்த வளைவில்தான் நின்றது.

கோர்ட்டில் வண்டியின் மேல்தான் தவறு என்று எழுதினார்கள். துளசிமணியின் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. வாத்தியிடமும் அது பதிவாகவில்லை.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மிருதுளா போன் செய்தாள். அதே வண்டி, ஈரோட்டு ரயில் நிலையத்தில் இறங்கும் அவளுடைய அம்மாவை அழைத்து வர வேண்டும். ஞாயிறு இரவு மழை பெய்திருந்தது. வேப்பமரத்தடியில் கார் நனைந்து நின்றது.

துளசிமணி காரை எடுத்தாள். முப்பது அடி. மிதித்தாள்.

பெடல் மெத்தையில் மிதித்ததுபோல் உள்ளே போனது. இரண்டாவது முறை மிதித்தாள், மூன்றாவது முறை. மூன்றாவதில்தான் வண்டி நின்றது. முன்சக்கரம் இறக்கத்தின் விளிம்பில் இருந்தது.

“திடீர் நிறுத்தம். திடீர் நிறுத்தம். திடீர் நிறுத்தம்,” என்றது வாத்தி. “காரணம் இல்லை. உங்கள் எண் தொண்ணூற்றொன்று. இந்த இருக்கை உங்களுக்குப் பூட்டப்படுகிறது. வேறு ஓட்டுநரை அழைக்கவும்.”

என்ஜின் தானாக அணைந்தது. விடுதிக் கதவில் பால்காரர் நின்று பார்த்தார். பல் தேய்த்துக்கொண்டே பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்தார்கள். துளசிமணி கை பிரேக்கை இழுத்துப் போட்டு, ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே வைத்தாள்.

அவள் போன் செய்ததும் சென்னியப்பன் பத்து நிமிடத்தில் வந்தார். அவருடைய பழைய மொபெட்டில் வந்தார். சாவிக்குக் கை நீட்டினார்.

“பெடல் உள்ள போகுதுங்ணா. மேட்டுல இறக்கிராதீங்க.”

“வாத்தி காரணம் இல்லைங்குதே.”

“வாத்திக்கு காலா இருக்குது?”

அவர் ஏறி உட்கார்ந்தார். துளசிமணி திரும்பிப் பார்க்காமல் மேட்டில் நடந்து இறங்கினாள். பின்னால் அவர் என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரியாது.

*

காப்பீட்டு நிறுவனத்தின் முறையீட்டு அலுவலகம் ஜெராக்ஸ் கடைகளுக்கு மேலே மாடியில் இருந்தது. நிவேதன் என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். திருச்சிப் பக்கம். அவளுக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டான்.

“அந்த வண்டில பிரேக் பழுதுன்னு யாராவது சொல்லிருந்தா பதிவை அழிச்சிடலாம்க்கா. வண்டிக்கார பொண்ணு, மெக்கானிக், உங்களுக்கு அப்புறம் ஓட்டினவரு. யாருமே சொல்லலையே. அவரு பிரச்சினை இல்லாம ஓட்டிட்டுப் போனதாத்தான் பதிவு இருக்கு.”

“அப்படீங்களா,” என்றாள் துளசிமணி.

“ஒரு வழி இருக்கு. இந்த உறுதிமொழில கையெழுத்துப் போடுங்க. காரணம் இல்லாம பிரேக் மிதிக்க மாட்டேன்னு. சீட்டைத் திறந்து விடுவாங்க. முப்பது நாள் பார்ப்பாங்க.”

அவள் தாளை எடுத்துப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சத்தம் தரை வழியாக வந்துகொண்டிருந்தது.

“பிரேக் மிதிக்கறது ஆபத்துங்களா தம்பி?”

“ஆபத்துன்னு அதுக்குத் தெரியாதுக்கா. அதுக்கு பிரேக்கும் தெரியாது, ரோடும் தெரியாது.” அவன் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தான். “ஊர்ல எல்லாரும் எப்படி ஓட்டுறாங்கன்னு பாக்கும். நீங்க அதுலேருந்து எவ்வளவு விலகி இருக்கீங்களோ அதுதான் உங்க எண். நூத்தி எழுபது பேர்ல நீங்க ஒருத்தர்தான் முப்பது அடில மிதிக்கிறீங்க. அதான் தொண்ணூத்தொண்ணு.”

“நூத்தி எழுவது பேரும் மிதிச்சா?”

“மொத ரெண்டு மூணு வாரம் எல்லாருக்கும் ஏறும். அப்புறம் இந்த ஊர்ல இதுதான் வழக்கம்னு கத்துக்கும். அப்புறம் மிதிக்காதவங்களுக்குத்தான் ஏறும்.”

துளசிமணி தாளை மறுபடி முதலிலிருந்து படித்தாள். நிவேதன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினான். மின்விசிறி சுற்றியது.

“ஏன்க்கா இந்தப் பிடிவாதம்?” என்று கடைசியில் அவனே கேட்டான்.

“ஒருக்கா பாக்காம எடுத்தனுங்க.”

அவன் காத்திருந்தான். அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். தாளில் அச்சடித்திருந்த வரிகளைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதினாள்: வண்டி எடுத்தால் முப்பது அடிக்குள் பிரேக் மிதித்துப் பார்ப்பேன். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

“இதை அனுப்பினா சீட் திறக்காதுக்கா.”

“தெரியுமுங்க. அனுப்புங்க.”

*

மரத்தடியில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நிவேதன் சொன்ன கணக்கை, வார்த்தை மாறாமல். எல்லோரும் கேட்டார்கள். சென்னியப்பன் மரத்தின் மறுபக்கம் உட்கார்ந்து செருப்பின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“மூணு வாரம் எண்ணு ஏறினா எவனும் கூப்புட மாட்டானே,” என்றான் ஒருவன்.

“நூத்தி எழுவது பேருக்கும் ஏறினா வேற யாரைக் கூப்புடுவாங்க?”

“ஒருத்தன் மிதிக்காம இருந்தான்னா? அவனுக்கு மட்டும் வண்டி வண்டியா வரும்.”

அவன் சொன்னது உண்மை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒருவன் யார் என்று தேடுவதுபோல் இருந்தது.

“மேட்டுல இறக்கினீங்களாங்ணா அன்னைக்கு?” என்று துளசிமணி மரத்தின் மறுபக்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சென்னியப்பன் எழுந்து மொபெட்டை உதைத்தார். “சவாரி இருக்குது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவள் மரத்தடிக்குப் போகவில்லை. பொறியியல் கல்லூரிப் பெண்கள் விடுதியின் மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலை கிடைத்தது. காலையில் ஒரு மூட்டை வெங்காயம், மாலையில் ஒரு மூட்டை. அங்கே யாரும் அவளுக்கு எண் போடவில்லை. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. அரிவாள்மனையில் உட்கார்ந்திருக்கும்போதே வலது கால் தரையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு நாளும் காலையில் போனைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்று. வண்டி ஓட்டாதவளின் எண் எப்படி மாறும்? மறுநாளும் தொண்ணூற்றொன்று. போனிலிருந்து அந்தச் செயலியையே அழித்துவிடலாம் என்று தோன்றும். அழிக்கவில்லை. அவர்களுடைய உறுதிமொழிக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அந்த எண்தான் சாட்சி என்று நினைத்துக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் நாள் தொண்ணூறு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். தொண்ணூறுதான். மறுநாள் எண்பத்தொன்பது. அதற்கு மறுநாள் எண்பத்தேழு.

நிவேதன் போன் செய்தான். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. பூட்டை ஏமாத்தி யார் வண்டியாவது ஓட்டுறீங்களா? எனக்கு மேலேருந்து கேக்குறாங்க.”

“வெங்காயம் அரியறனுங்க தம்பி.”

“அப்போ உங்க எண் ஏன் இறங்குது?”

“நீங்கதானுங்க அந்த கம்பெனில இருக்கறீங்க.”

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவன் வைத்துவிட்டானோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

“நூத்தி நாப்பத்தேழு பேர்,” என்றான் அவன், யாரிடமோ சொல்வதுபோல். பிறகு, “மேல கேட்டா பழுது ஒண்ணும் இல்லைன்னு எழுதிடறேன்க்கா,” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

*

வெள்ளிக்கிழமை பிற்பகல் துளசிமணி மெஸ்ஸில் சொல்லிவிட்டுப் பல் மருத்துவக் கல்லூரி விடுதிக்கு நடந்தாள். வேப்பமரத்தடியில் ஆறேழு கார்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் பைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

முதல் கார் கிளம்பியது. முப்பது அடி போனது. கிறீச்.

உள்ளே யாரோ, “அண்ணா!” என்று கத்தினார்கள்.

அந்தக் கார் மேட்டில் இறங்கியது. அடுத்த கார் கிளம்பியது. கிறீச். அதற்கடுத்தது. சாலையில் ஒரே இடத்தில் கறுப்புத் தடம் விழுந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, பல நாளாக விழுந்த தடம்.

சென்னியப்பன் நான்காவது காரில் இருந்தார். மிருதுளாவின் கார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

“எத்தனைங்ணா உங்களுது?” என்றாள் துளசிமணி.

“எழுவத்தி நாலு வரைக்கும் போச்சு. இப்ப அறுவத்தி மூணு. மொத வாரம் சவாரியே இல்ல. ரெண்டாவது வாரம் எல்லாத்துக்கும் ஏறிப்போச்சு, வேற வழியில்லாம கூப்புட்டாங்க.” ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “இருவத்தி மூணு பேரு இன்னும் மிதிக்காமத்தான் ஓட்டறானுங்க. அவனுங்களுக்கு நல்ல வரும்படி. இருக்கட்டும்.”

அவள் காரின் முன்சக்கரத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நான் மேட்டுல இறக்கல துளசி,” என்றார் அவர். “நீ போனதும் கல்லை எடுத்துட்டு அஞ்சடி நவுத்தி மிதிச்சேன். தரைக்குப் போயிருச்சு. பிரேக் ஆயில் வர்ற ஓஸை எலி கடிச்சிருந்துது. மெக்கானிக்கை இங்கயே வரச் சொல்லி மாத்தினேன். என்ற கைக்காசு. ஆருக்கும் சொல்லல.”

“சொல்லிருந்தா என்ற பதிவை அழிச்சிருப்பாங்க.”

“ஆமா.”

“ஏனுங்ணா சொல்லல?”

அவர் பதில் தேடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. “நானும் மிதிச்சிருந்தனே. சொன்னா அதையும் தோண்டுவாங்க. முப்பத்தொண்ணு போயிருமுன்னு பயம்.” கையிலிருந்த துணியை மடித்துவிட்டு, “பத்து நாள் தூங்கல. பதினொண்ணாவது நாள் மிதிச்சேன்,” என்றார்.

வேப்பம்பழம் ஒன்று காரின் கூரையில் விழுந்து உருண்டது. துளசிமணி போனை எடுத்துப் பார்த்தாள். காலையில் எண்பது என்று இருந்தது. இப்போது எழுபத்தொன்பது.

அவள் அவரை மன்னித்ததாகச் சொல்லவில்லை. கார்க் கதவைத் திறந்தாள்.

“இறங்குங்ணா.”

அவர் இறங்கினார். அவள் இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூட்டு திறந்த சிறு சத்தம் கேட்டது. பின் இருக்கையில் மிருதுளா வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முப்பது அடி. துளசிமணி பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அவள் வாத்தியைப் பார்த்துக் காத்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது வாயே திறக்கவில்லை.

பின்னாலிருந்து மிருதுளாவின் குரல்தான் வந்தது. காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“புடிக்குதாக்கா?”

“புடிக்குது கண்ணு,” என்று சொல்லி, துளசிமணி மேட்டில் இறங்கினாள்.